வாட்ச்மென் 2019 தொடர்: படம் மட்டும் பார்த்தவங்களுக்கு எந்த இதழ்கள் கட்டாயம்?

சைதை சைக்கிள்:

வணக்கம் மக்களே. எச்பிஓவின் வாட்ச்மென் தொடரை (9 எபிசோட், ஒரே சீசன்) நாலு பேர் சேர்ந்து பார்க்கத் திட்டம். நாலில் மூணு பேர் 2009-இல் வந்த படத்தை மட்டும் பார்த்தவங்க. ரெண்டுக்கும் மூலமான 12 இதழ் காமிக்ஸை யாரும் திறந்ததே இல்லை. முதல் எபிசோடிலேயே வானத்திலிருந்து குட்டிக் குட்டி கடம்பா (ஸ்க்விட்) மழை கொட்டுது. காரை ஓரம் கட்டி நிக்கிறாங்க, மழை விட்டதும் கிளம்பிப் போறாங்க. ஒருத்தர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. படத்தில் இப்படி ஒண்ணு வந்ததாவே ஞாபகம் இல்லையே?

கேள்வி இதுதான். 12 இதழும் படிச்சே ஆகணுமா, குறுக்கு வழி இருக்கா? படத்தில் பார்த்ததில் எதை மறக்கணும்? போனில் படிச்சா போதுமா? அப்புறம், காமிக்ஸுக்கு உண்மையா இருக்கிற தொடர்னு எல்லாரும் சொல்றாங்க. கதை என்னவோ நியூயார்க்கை விட்டுட்டு ஓக்லஹோமா டல்சாவில் நடக்குது, பாதிப் பேர் புதுசு. எந்தக் கணக்கில் அது உண்மை?

காமிக்ஸ் முடிவைச் சொல்லலாம், பரவாயில்லை. தொடரின் ரகசியங்களுக்கு மட்டும் முன்னாடியே எச்சரிக்கை போட்டுடுங்க.

பெரம்பூர் ஆந்தை:

முதலில் மறக்க வேண்டியது, சைக்கிள். படத்தின் கடைசி அரை மணி நேரத்தை மொத்தமா அழிச்சிடுங்க. படத்தில் முன்னாள் ஹீரோவும் தொழிலதிபருமான ஏட்ரியன் வைட் பல நகரங்களை வெடிக்க வச்சுப் பழியை அதீத சக்தி உள்ள டாக்டர் மன்ஹாட்டன் மேல போடுவார். காமிக்ஸில் அப்படி இல்லை. 1985 நவம்பர் 2, நியூயார்க் நடுவில் ஒரு ராட்சத உயிரி வந்து விழும். வைட் ஒரு தீவில் கலைஞர்களையும் விஞ்ஞானிகளையும் வச்சு ரகசியமா உருவாக்கினது அது. அதுக்குள்ள மனோசக்தி உள்ள ஒருத்தரோட மூளையிலிருந்து வளர்த்த மூளை இருக்கும். விழுந்து சாகும்போது அது கக்குகிற மன அதிர்ச்சியில் 30 லட்சம் பேர் சாவாங்க. வேறு பரிமாணத்திலிருந்து படையெடுப்புன்னு உலகம் நம்பும், அமெரிக்காவும் ரஷ்யாவும் சண்டையை நிறுத்தும். தொடர் இந்த முடிவுக்கு 34 வருஷம் கழிச்சுத் தொடங்குது. படத்துக்கு அது தொடர்ச்சியே கிடையாது.

படத்தின் முடிவை மறக்காம உட்கார்ந்தா எங்கே இடிக்கும்னு ஒரு இடம் சொல்றேன். மூணாவது எபிசோடில் நீல நிற போன் பூத் வரும். ஜனங்க அதில் ஏறி செவ்வாயில் இருக்கிற மன்ஹாட்டனுக்குச் சேதி அனுப்புவாங்க, கிட்டத்தட்ட வேண்டுதல் மாதிரி. படத்தின் முடிவுப்படி அவர் கோடிக்கணக்கான பேரைக் கொன்னவர். கொலைகாரனுக்கு யார் வேண்டுதல் வைப்பாங்க? காமிக்ஸின் முடிவில் அவர் மேல எந்தப் பழியும் இல்லை, விட்டுட்டுப் போன சாமி மாதிரி. அதனால்தான் அந்த பூத்துக்கு அர்த்தம் வருது. கடம்பா மழைக்கும் அதே கணக்கு. 2019-இல் யார் கையிலும் செல்போன் இல்லை, பேஜர்தான், இன்டர்நெட்டும் இல்லை. 1985-க்கு அப்புறம் தொழில்நுட்பத்தின் மேல வந்த பயம் அது. இவ்வளவும் அந்த ஒரே சம்பவத்திலிருந்து கிளைச்சது.

குறுக்கு வழி: 12-உம் படிக்கிறதுதான் சரி. கடைசிப் பக்கங்களோடு சேர்த்து ஒரு இதழுக்கு 40, 45 நிமிஷம். மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையில் ஏறி ஏர்போர்ட் போய்ச் சேரும் நேரம், அவ்வளவுதான். நேரமே இல்லைன்னா 1, 2, 4, 9, 11, 12. கூடவே மூணாவது இதழின் கடைசியில் வர்ற உரைநடைப் பக்கங்கள். முதல் மூணு இதழ்களின் கடைசியிலும் 'நைட் அவுல்'ங்கிற பேரில் இருந்த பழைய முகமூடி ஹீரோ ஹாலிஸ் மேசனின் சுயசரிதைப் பகுதி இருக்கும். படங்கள் முடிஞ்சதுன்னு பெரும்பாலானவங்க அதைத் தள்ளிட்டுப் போயிடறாங்க. தொடரின் 6-ஆம் எபிசோட் நிக்கிறதே அந்தப் பக்கங்கள் மேலதான்.

எது எதுக்குன்னா: 2-ஆம் இதழில் 1940 வாக்கில் மினிட்மென்ங்கிற முகமூடி ஹீரோக் குழு போட்டோ எடுக்கும் காட்சி, கழுத்தில் தூக்குக் கயிறோடு வர்ற ஹூடட் ஜஸ்டிஸை அங்கே நல்லாப் பார்த்து வச்சுக்கங்க. 9-இல் தன் அப்பா யாருன்னு முகமூடி நாயகி லோரிக்குத் தெரிய வரும். (தமிழில் 'லாரி'ன்னு எழுதினா தண்ணி லாரி ஞாபகம்தான் வருது, அதான் லோரி.) தொடரில் அதே லோரி எஃப்பிஐ அதிகாரியா, 'பிளேக்'ங்கிற பேரோட வருவாங்க. 'காமெடியன்'ங்கிற பேரில் இருந்து செத்துப்போன ஹீரோவின் குடும்பப் பேர் அது. 9 படிக்காதவருக்கு அந்தப் பேர் வெறும் பேர். படிச்சவருக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே 34 வருஷக் கதை இருக்கு. 4-ஆம் இதழை 8-ஆம் எபிசோடுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை படிங்க. நேற்று, இன்று, நாளை மூணையும் மன்ஹாட்டன் ஒரே நேரத்தில் வாழ்வார். இதழ் அதைக் கட்டங்களை மாத்தி மாத்தி வச்சுக் காட்டும், எபிசோட் அதையே பேச்சில் காட்டும்.

குறுக்கு வழியில் போனா இழப்பும் உண்டு. தெருமுனைப் பேப்பர் கடைக்காரரும், அங்கே ஓசியில் கடல்கொள்ளைக்காரன் கதை படிக்கிற பையனும் இதழுக்கு இதழ் வந்துகிட்டே இருப்பாங்க. 11-ஆம் இதழின் கடைசியில் வெளிச்சம் விழும்போது அந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்குவாங்க. நடுவில் உள்ள இதழ்களைத் தாண்டினவருக்கு அவங்க யாரோ ரெண்டு பேர்.

காசிமேடு கடம்பா:

ஆந்தை எல்லாத்தையும் சொல்லிட்டார், ஒரு திருத்தம். 'கடம்பா'ன்னு பேச்சுக்குச் சொல்றோம், சரி. ஆனா 1985-இல் விழுந்தது கடம்பாவும் இல்லை, கணவாயும் இல்லை. நடுவில் ஒத்தைக் கண், சுத்தி கைகள். நம்ம ஏலக்கூடத்தில் போட்டா பேய்க்கணவாய்க் கூடைக்குத்தான் போகும். தொடரில் மழையா விழுறதுதான் குட்டிக் கடம்பா. ரெண்டும் ஒண்ணில்லைங்கிறதைக் கவனிச்சு வச்சுக்கங்க, கடைசி எபிசோடில் உதவும். அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

கதையில் எழுத்தாளர் ஆலன் மூர் நியூயார்க்கை அழிச்சதும் 1985, சென்னையில் மூர் மார்க்கெட் எரிஞ்சதும் 1985. பழைய புத்தகக்காரங்க இந்த ஒத்துமையைச் சொல்லிச் சொல்லியே நம்மைக் கொல்லுவாங்க.

ரோலிங் சார்:

படத்தை இவ்வளவு மட்டம் தட்ட வேண்டாம். கட்டத்துக்குக் கட்டம் பார்த்தா காமிக்ஸுக்குப் படம்தான் நெருக்கம். முகமூடித் துப்பறிவாளர் ரோர்ஷாக்கின் நடை, காமெடியன் ஜன்னலிலிருந்து விழுற காட்சி, செவ்வாயின் கண்ணாடிக் கோட்டை எல்லாம் டேவ் கிப்பன்ஸ் வரைஞ்ச கோணத்திலேயே இருக்கும். தியேட்டரில் வந்தது 162 நிமிஷம், இயக்குநர் பதிப்பு 186, கொள்ளைக்காரன் கதையும் சேர்த்த பெரிய பதிப்பு 215. பார்க்கிறதா இருந்தா 215-ஐப் பாருங்க. தொடரில் அப்படி ஒரு கட்டமாவது உண்டா? புதுக் கதை, புது ஊர். இதை 'உண்மையா இருக்கு'ன்னு சொல்றது எனக்கு ஒட்டலை.

பெரம்பூர் ஆந்தை:

ரோலிங் சார், கட்டம் விஷயத்தில் நீங்க சொல்றது சரி. ஆனா படம் கட்டங்களைக் காப்பாத்திட்டு, முடிவுங்கிற அச்சாணியைக் கழட்டிடுச்சு. தொடர் செய்தது தலைகீழ். ஒரு கட்டத்தையும் நகல் எடுக்கலை, அச்சாணியைத் தொடவே இல்லை.

கிட்டப் போய்ப் பார்க்கிறதுக்கு 5-ஆம் எபிசோடை எடுத்துக்கங்க. 12-ஆம் இதழ் எப்படித் தொடங்குது? பதினோரு இதழ் முழுக்க பக்கத்துக்கு 3-க்கு 3-னு ஒன்பது கட்டத்தை அடித்தளமா வச்சு வந்த காமிக்ஸில், அங்கே திடீர்னு ஆறு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே படம். தெரு முழுக்கப் பிணம். பேச்சே இல்லை. ஒன்பது கட்டத்துக்குப் பழகின கண்ணுக்கு மூச்சு முட்டும். அந்த ஆறு பக்கத்தில் உயிரோட மிஞ்சினவன் ஒருத்தன் எப்படி இருப்பான்ங்கிறதை காமிக்ஸ் சொல்லலை. தொடர் அந்தக் கேள்வியை எடுத்துக்குது. 1985-இல் ஆத்துக்கு அக்கரையில் ஹோபோக்கன் திருவிழா மைதானம், கண்ணாடி அறைக்குள்ள மாட்டின ஒரு பையன். கண்ணாடி நொறுங்குது, வெளியே வந்தா நிக்கிறவங்க ஒருத்தர் இல்லை. கேமரா மேலே மேலே ஏறி ஆத்தைத் தாண்டி மன்ஹாட்டன் தீவைக் காட்டும்போதுதான் அந்த ராட்சத உயிரி விழுந்து கிடக்கிறது தெரியும். அவன்தான் 2019-இல் லுக்கிங் கிளாஸ்ங்கிற போலீஸ்காரர். மன அதிர்ச்சி தாக்காம இருக்கணும்னு தொப்பிக்குள்ள கண்ணாடித் துணி ஒட்டி வச்சிருப்பார். வீட்டில் அலாரம் வச்சு ஒத்திகை பார்ப்பார். காமிக்ஸில் இல்லாத ஆள், ஆனா காமிக்ஸின் முடிவு இல்லாம பிறந்திருக்கவே முடியாத ஆள். நான் 'உண்மை'ன்னு சொல்றது இந்தக் கணக்கில்தான்.

சின்னச் சின்ன முடிச்சுகளும் உண்டு. காமிக்ஸில் 'நாஸ்டால்ஜியா'ங்கிறது வைட் கம்பெனியின் சென்ட், விளம்பரப் பலகையில் வரும். தொடரில் அதே பேரில் ஞாபக மாத்திரை. 12-ஆம் இதழின் கடைசியில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் அதிபர் தேர்தலில் நிக்கப் போறார்னு போறபோக்கில் ஒரு பேச்சு வரும். தொடரில் அவர்தான் பல வருஷமா அதிபர். அதே இதழில் ரோர்ஷாக்கின் டைரி ஒரு பத்திரிகை ஆபீஸில் குப்பைக் கடிதங்களோட கிடக்கும். தொடரில் செவன்த் காவல்ரிங்கிற வெள்ளை இனவெறிக் கும்பல் அந்த டைரியை வேதம் மாதிரி படிக்கும். அவங்க முகமூடியைக் கவனிங்க. ரோர்ஷாக்கோட முகமூடியில் கறுப்பும் வெள்ளையும் நகர்ந்துகிட்டே இருக்கும், இவங்களுடையது துணியில் பூசின அசையாத மை. ஆளைப் புரிஞ்சுக்காம வேஷத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்கன்னு வசனம் இல்லாமலே சொல்லியாச்சு.

மாம்பலம் மாயாவி:

ரெண்டு பேரும் தொடரைப் பாராட்டுறதிலும் படத்தைத் தாங்குறதிலும் ஒரு ஓட்டையை விட்டுட்டீங்க.

எச்சரிக்கை: 6-ஆம் எபிசோட் பார்க்காதவங்க இதைத் தாண்டிப் போங்க.

ஹூடட் ஜஸ்டிஸ் யாருங்கிறதை காமிக்ஸ் உறுதியா சொல்லவே இல்லை. சர்க்கஸ் பலவான் ரோல்ஃப் முல்லரா இருக்கலாம்னு ஒரு ஊகம் மட்டும் ஹாலிஸின் புத்தகத்தில் வரும். தொடர் அந்த வெற்றிடத்தில் வில் ரீவ்ஸை வைக்குது. 1921-இல் டல்சாவின் கறுப்பினக் குடியிருப்பு எரிக்கப்பட்டப்போ தப்பிச்ச சிறுவன், பின்னாளில் நியூயார்க் போலீஸ்காரர். முகமூடிக் கண்துளையைச் சுத்தி வெள்ளை மை பூசிக்கிட்டு வெள்ளைக்காரன் மாதிரி தெரிவார். காமிக்ஸில் கண்ணைச் சுத்தித் தோல் வெளுப்பா இருக்கிறதுக்கு அதுதான் காரணம்னு பொருந்தும். கழுத்துக் கயிறும் பொருந்தும், சக போலீஸ்காரங்களே அவர் கழுத்தில் மாட்டின கயிறு அது. மினிட்மெனில் இன்னொருத்தரான கேப்டன் மெட்ரோபோலிஸோட காதல் உறவும் காமிக்ஸில் குறிப்பா இருக்கிறதுதான். இதெல்லாம் பிரமாதம்.

ஆனா அதே ஹாலிஸ் புத்தகத்தில், போருக்கு முன்னாடி ஹூடட் ஜஸ்டிஸ் ஹிட்லர் ஆட்சியின் செயல்களை வெளிப்படையா ஆதரிச்சுப் பேசினார்னு ஒரு வரி இருக்கு. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் கறுப்பினச் சிப்பாய்களுக்குப் போட்ட துண்டுப் பிரசுரத்தைத்தான் வில் சின்ன வயசிலிருந்து பத்திரமா வச்சிருக்கார், சரி. அதை வச்சு ஹிட்லர் ஆதரவு வரை இழுக்க முடியாது. ஹாலிஸ் தப்பாக் கேட்டார்னு சொல்லலாம், வேஷத்துக்காக நடிச்சார்னும் சொல்லலாம். தொடர் ரெண்டையும் சொல்லலை, அந்த வரி இல்லாத மாதிரி கடந்து போயிடுது. 12 இதழையும் பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சவங்க எழுதின தொடர் இங்கே சறுக்குது.

இரும்புக்கை மாயாவி படிச்ச பழக்கத்தில், ஒரு ஹீரோ வந்து வில்லனை அடிப்பார்னு யாராவது உட்கார்ந்தா அவங்களையும் முன்கூட்டியே எச்சரிச்சிடுங்க. முத்து காமிக்ஸில் மாயாவி வந்தது 1972. அந்தச் சட்டம் இங்கே செல்லாது.

ரோலிங் சார்:

மாயாவி சொன்ன ஹிட்லர் வரி எனக்கு மறந்தே போச்சு. அச்சாணி வாதத்தையும் ஒத்துக்கிறேன். அதுக்காக 5-ஆம் எபிசோடை வச்சு 215 நிமிஷத்தைத் தள்ளிட முடியாது. படிக்க நேரமே இல்லாத அந்த மூணு பேருக்கு ஒரு வழி உண்டு: 2024-இல் ரெண்டு பாகமா ஒரு அனிமேஷன் வந்தது. அதில் முடிவு காமிக்ஸ் முடிவுதான். கட்டங்களின் விளையாட்டு கிடைக்காது, கதை கிடைக்கும்.

அடையாறு ஸ்க்ரீன்:

பார்க்கிற விதத்தில் தப்பு நடக்கும் இடங்களை மட்டும் சொல்றேன்.

எச்பிஓ உள்ளிட்ட வார்னர் சரக்கு 2023-இல் ஹாட்ஸ்டாரை விட்டு ஜியோசினிமாவுக்குப் போச்சு. 2025 பிப்ரவரியில் ரெண்டும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆச்சு. பழைய வாட்ச்லிஸ்ட்டை நம்பாதீங்க. எங்கே தேடினாலும் படத்துக்கும் தொடருக்கும் ஒரே பேர், ப்ளே அழுத்துறதுக்கு முன்னாடி 2019-ஆன்னு வருஷத்தைப் பார்த்துக்கங்க.

டிவியில் விவிட் மோட் இருந்தா சினிமா மோடுக்கு மாத்திடுங்க. 6-ஆம் எபிசோட் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை, நடுவில் சில பொருளும் ஆளும் மட்டும் கலரில் வரும். விவிட் மோடில் சாம்பலுக்கே நீலம் ஏறிடும், எது வேணும்னே கலரா விட்டது, எது டிவி பண்ணின வேலைன்னு பிரிக்க முடியாது. அசைவை வழவழப்பாக்கும் செட்டிங்கையும் அணைச்சிடுங்க. ட்யூப்லைட்டும் வேண்டாம்.

சப்டைட்டில் கட்டாயம். கதையில் வியட்நாம் அமெரிக்காவின் 51-ஆவது மாநிலம், அந்த மொழி வசனங்கள் வரும்.

பெரிய ஆபத்து தேடல் பெட்டி. பாதியில் நிறுத்தி 'இந்த நடிகர் யாரு'ன்னு போனில் தேடினா 7-ஆம் எபிசோடின் முடிவு முதல் வரியிலேயே உடைஞ்சிடும். 2020-இல் தொடருக்குக் கிடைச்ச 11 எம்மியில் நடிப்புக்கானதும் உண்டு, விருதுச் செய்தியில் பாத்திரத்தின் உண்மைப் பேரே இருக்கும். 7 முடியிற வரை நடிகர் பட்டியலைத் தொடாதீங்க.

இன்னொண்ணு, இது அரை ஸ்பாய்லர்தான். கோட்டை மாதிரி ஒரு வீட்டில் வயசான மனுஷர் ஒருத்தர் வேலைக்காரங்களோட இருக்கிற காட்சிகள் எபிசோடுக்கு எபிசோட் வரும். முதல் தடவை கேக் வெட்டும்போதே மெழுகுவத்தியை எண்ண ஆரம்பிச்சிடுங்க. அந்தக் காட்சிகளும் டல்சாவும் ஒரே நாளில் நடக்கலை. இதைக் கவனிக்காதவங்க நாலாவது எபிசோடில் தலையைப் பிச்சுக்குவாங்க.

போனில் படிக்கிறதைப் பத்தி: கட்டம் கட்டமா பெரிசாக்கிக் காட்டும் வசதியை அணைச்சிடுங்க. இந்தக் காமிக்ஸில் அலகு கட்டம் இல்லை, பக்கம். 5-ஆம் இதழ் 28 பக்கம், நடுவில் 14-உம் 15-உம் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடிப் பிம்பம். அங்கிருந்து ரெண்டு பக்கமும் விரிஞ்சுகிட்டே போகும், 1-க்கு 28, 2-க்கு 27. போனில் ஒவ்வொரு கட்டமா நகர்த்தினா இது கண்ணுக்கே தெரியாது. 10 அங்குல டேப்லட்டைப் படுக்க வச்சு ரெண்டு பக்கமும் தெரியிற மாதிரி படிக்கலாம். காகிதப் புத்தகம்னா கவலையே இல்லை. கடைசி உரைநடைப் பக்கங்களின் பொடி எழுத்தையும் போனில் படிக்க முடியாது, அதனாலதான் பாதிப் பேர் அதைத் தாண்டுறாங்க.

சைதை சைக்கிள்:

அருமை மக்களே. அப்போ திட்டம் இப்படி: 12 நாள் 12 இதழ், அப்புறம் தினம் ஒரு எபிசோட். படிக்க நேரமில்லைன்னு அடம்பிடிக்கிற ஒருத்தருக்கு ரோலிங் சார் சொன்ன அனிமேஷன். ரெண்டு சந்தேகம் மிச்சம். எபிசோடுகளுக்கு நடுவில் படிக்க ஏதோ எஃப்பிஐ ஃபைல்னு சொல்றாங்களே, அது என்ன? டூம்ஸ்டே கிளாக்னு ஒரு காமிக்ஸும் தொடர்ச்சின்னு கேள்விப்பட்டேன், அதையும் படிக்கணுமா?

பெரம்பூர் ஆந்தை:

டூம்ஸ்டே கிளாக் வேண்டாம். 2017-இல் தொடங்கின 12 இதழ், சூப்பர்மேன் உலகத்தோடு முடிச்சுப் போட்ட வேறொரு தொடர்ச்சி. ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுக்காது, சேர்த்துப் படிச்சா மன்ஹாட்டன் எங்கே போனார்ங்கிறதிலேயே குழப்பம் வரும். 2012-இல் வந்த முன்கதை இதழ்களும் இந்தத் தொடருக்குத் தேவையில்லை.

எஃப்பிஐ ஃபைல்தான் பீட்டிபீடியா. லோரியோட வர்ற இளம் அதிகாரி டேல் பீட்டி சேர்த்து வச்ச காகிதங்களா எச்பிஓ வாராவாரம் வெளியிட்டது. காமிக்ஸின் கடைசி உரைநடைப் பக்கங்கள் செய்த வேலையை இது செய்யும். எபிசோடைப் பார்த்த பிறகு அந்த எபிசோடுக்கான ஃபைலை மட்டும் திறங்க. ஒண்ணு முன்னே போனாலும் அடுத்தது கெட்டுடும்.

காசிமேடு கடம்பா:

12 நாள் திட்டத்தில் ஒண்ணை மட்டும் மாத்திடாதீங்க. 11-ஐயும் 12-ஐயும் ஒரே ராத்திரியில் படிக்காதீங்க. மாதாமாதம் வாங்கிப் படிச்சவங்களுக்கு 11-இன் கடைசிப் பக்கத்தில் வெறும் வெள்ளை வெளிச்சத்தோட காத்திருக்க வேண்டி வந்தது. ஒரு நாளாவது அதில் நில்லுங்க. அப்புறம் அந்த ஆறு பக்கத்தைத் திறங்க.

முதல் எபிசோடில் வகுப்பறையில் முட்டை உடைக்கிறதை விட்டுடாதீங்க. கிண்ணத்தைப் பார்த்தாலே போதும்.